துறைமுகக் காவலுக்குக் கிடைத்த காசு எதற்கெல்லாம் போகலாம்?

அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கண்காணிப்புக் கேமராவுக்குக் கம்பம் நட வேண்டும். கேமரா வந்துவிட்டது, அரசு மானியமும் கிடைத்துவிட்டது. ஆனாலும் மண்வெட்டி இறங்கக் கூடாது. மண்ணுக்கடியில் தொல்பொருள் இருக்கிறதா, பக்கத்தில் பழமையான கட்டடம் உண்டா, ஈரநிலம் பாழாகுமா என்று அதிகாரிகள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே குழி தோண்டலாம். முந்திக்கொண்டு தோண்டினால் அந்த வேலைக்கான பணமே கைநழுவிப் போகலாம்.

இத்தனை கவனத்தோடு செலவிடப்படுவது துறைமுகப் பாதுகாப்பு மானியம். 2000 அக்டோபரில் ஏமனின் ஏடன் துறைமுகத்தில் நின்றிருந்த யுஎஸ்எஸ் கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஒட்டி, வெடிமருந்து ஏற்றிய சிறு படகு ஒன்று வெடித்தது. 17 மாலுமிகள் மாண்டார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதல். 2002இல் கடல்சார் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்த மானியத்தின் அடித்தளம் அதுதான். ஃபீமா என்னும் பேரிடர் மேலாண்மை அமைப்பு இதைப் பங்கிடுகிறது. 2020 முதல் 2023 வரை ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

இந்தப் பணம் முதலில் கண்களை வாங்குகிறது. துறைமுகத் தண்ணீர் கலங்கலானது. உள்ளே இறங்கும் முக்குளிப்பவருக்குத் தன் கையே தெரியாது. அங்கே உதவுவது சோனார், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியால் உருவம் வரையும் கருவி. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கப்பலின் அடிவயிற்றில் எதையாவது ஒட்டவைத்திருந்தால் எதிரொலி காட்டிக்கொடுத்துவிடும்.

ரோந்துப் படகுகளில் வைக்கும் கதிரியக்க உணர்விகள் இன்னும் வியப்பானவை. வாழைப்பழத்திலும் பீங்கான் ஓட்டிலும்கூட இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. சரக்கு நிறைய இருந்தால் கருவி அலறிவிடும். எனவே, எவ்வளவு கதிர் வருகிறது என்பதோடு எந்த ஆற்றலில் வருகிறது என்பதையும் அளந்து, எந்தக் கதிரியக்கப் பொருள் என்று சொல்லும் கருவிகள் வந்தன. குரலைக் கேட்டே வாசலில் நிற்பவர் யார் என்று வீட்டார் சொல்லிவிடுவதைப் போலத்தான்.

மானியம் கண்ணுக்குத் தெரியாத வேலியையும் எழுப்பலாம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினி நச்சுநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. லாஸ் ஏஞ்சலஸ் வரை அதன் சரக்கு முனையங்கள் முடங்கின. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவி அந்நிறுவனம் மீண்டெழுந்தது. எந்த வெடியும் இல்லாமல் ஒரு துறைமுகத்தை நிறுத்திவிடலாம் என்பது அன்று கண்கூடானது. இணையப் பாதுகாப்புக் கருவிக்கும் பயிற்சிக்கும் மானியத்தில் இடம் உண்டு.

சரி, எதற்கு இடமில்லை? துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இல்லை. துறைமுகம் ஏற்கெனவே தன் பையிலிருந்து கொடுத்துவந்த செலவை இந்தப் பணத்தின் தலையில் ஏற்றவும் முடியாது. வழக்கமான காவல் சம்பளத்துக்கு இதிலிருந்து எடுக்கக் கூடாது. ஆனால் ஒரு காவலர் பயிற்சிக்குப் போகும்போது அவர் இடத்தில் நிற்பவருக்கு ஆகும் கூடுதல் சம்பளத்தைக் கொடுக்கலாம். இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சிக்கு ஆளனுப்பினால் வாசல் காலியாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. கேமராவிலும் எல்லாத் தயாரிப்பையும் வாங்கிவிட முடியாது: ஹிக்விஷன், டாஹுவா போன்ற சில சீன நிறுவனங்களின் கண்காணிப்புக் கருவிகளுக்கு 2020 ஆகஸ்டிலிருந்து கூட்டரசு மானியம் செல்லாது.

முழுத் தொகையையும் அரசே தந்துவிடுவதுமில்லை. 4 லட்சம் டாலர் படகு என்றால் பொதுத்துறைத் துறைமுகம் 1 லட்சத்தைத் தானே போட வேண்டும். தனியார் என்றால் பாதி, அதாவது 2 லட்சம். தன் காசும் கரையும் என்று தெரிந்தால் தேவையற்றதைக் கேட்கமாட்டார்கள்.

ஆனால் 25,000 டாலருக்கு மிகாத திட்டத்துக்குச் சொந்தப் பங்கே வேண்டாம் என்கிறது சட்டம். ஒரு கதவுப் பூட்டும் சில விளக்குகளும் மட்டுமே தேவைப்படும் சின்னத் துறைமுகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. சட்டம் முழுவதிலும் சிறந்த வரி இதுதான் என்பேன்.