இரண்டு மீட்டர் நீளக் கவிதை
பாரிஸ், 1913
கவிதை: பிளேஸ் சாந்த்ரார்
ஓவியம்: சோனியா தெலோனே
ஒட்டிய நான்கு தாள்கள். அச்சு, ஸ்டென்சில் வழியே கையால் இட்ட வண்ணம்

சைபீரிய ரயிலில் மாஸ்கோவிலிருந்து கிழக்கே போகும் ஓர் இளைஞனின் நெடுங்கவிதை இது. வலப்பக்கம் வரிகள், இடப்பக்கம் வண்ணங்கள். ரயிலையோ பனியையோ வரையாமல், வளைந்து புரளும் நிறங்களை மேலிருந்து கீழே ஓடவிட்டார் சோனியா. அந்தத் துணிச்சல்தான் கவிதையின் வேகத்தைக் காப்பாற்றியது. கிட்டே வந்து பாருங்கள்: நிறம் வரிகளுக்கு இடையிலும் பரவியிருக்கிறது, எழுத்துருவும் அடிக்கடி மாறுகிறது. இடப்பக்க அடியில் சிவப்பு ஈஃபில் கோபுரம். கவிதை பாரிஸில்தான் முடிகிறது. திட்டமிட்ட 150 படிகளையும் விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அந்தக் கோபுரத்தின் உயரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அத்தனை படிகள் தயாராகவில்லை.