வெற்றியும் வல்லமையும்

வென்றவர் வல்லவர், தோற்றவர் வலிமை குன்றியவர். இதுவே உலகத்தார் போடும் கணக்கு. இக்கணக்கு பிழைபடும் இடத்தை அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

நாம் அறிந்த கிரிக்கெட்டைப் போலவே அதிலும் பந்தெறிபவர் ஒருவர் உண்டு. ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ். அவர் எறியும் காலத்தில் அவரது அணி முந்தி, இறுதிவரை பின்தங்காதிருந்தால், பெரும்பாலும் வெற்றி அவர் பெயரில் எழுதப்படும். நெடுங்காலம் அவரை அளக்க இவ்வெண்ணையே பெரிதாகக் கொண்டனர். 511 வெற்றி கண்ட சை யங் என்பவரின் பெயரால் 1956 முதல் சிறந்த பந்தெறிபவருக்குப் பரிசும் வழங்கி வருகின்றனர்.

ஜேக்கப் டிக்ராம் 2010இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். 2014இல் நியூயார்க் மெட்ஸ் அணியில் ஆடி, தேசிய லீகின் சிறந்த புதுமுகம் எனப் பெயர் பெற்றவர். 2018இல் அவர் தொடங்கிய ஆட்டங்கள் 32. அவற்றில் வெற்றி 10, தோல்வி 9, எஞ்சிய 13இல் இரண்டும் அவர் கணக்கில் இல்லை. இதை மட்டும் பார்ப்பவர் 'நடுத்தர ஆட்டக்காரர்' என்று சொல்லிவிடுவார்.

ஆனால், அவர் எறிந்த 217 இன்னிங்ஸில் அவர் பொறுப்பில் எதிரணி எடுத்த ஓட்டங்கள் 41தாம். தோழரின் பிழையால் வந்த ஓட்டங்கள் இதில் சேரா. 41ஐ 9ஆல் பெருக்கி 217ஆல் வகுத்தால் 1.70, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ஓட்டங்கூட இல்லை!

இன்னும் நுணுகிப் பார்ப்போர் வேறு மூன்று எண்களைக் கேட்பர். மூன்று 'ஸ்ட்ரைக்'கில் வெளியேற்றியவர் 269 பேர். தவறான பந்துகளால் இலவசமாக நடக்கவிட்டது 46 முறை. 'ஹோம் ரன்' கொடுத்தது 10 முறை. பந்தைத் தடுக்க நிற்கும் தோழருக்கு இம்மூன்றிலும் பெரும்பாலும் வேலையில்லை. ஆகவே இவை அவர் கைத்திறனையே காட்டும்.

அப்படியானால் வெற்றி ஏன் குறைந்தது? அவர் எறிந்த நாட்களில் அவர் அணியினரின் மட்டைகள் போதிய அளவு பேசவில்லை. பரிசுக்கு வாக்களித்த 30 எழுத்தாளர்களும் இதை உணர்ந்திருந்தனர். 29 பேர் டிக்ராமுக்கே முதலிடம் தந்தனர்.

ஒன்றன் விளைவை அறிய மற்றவற்றை விலக்கி அளக்கவேண்டும் என்பது விஞ்ஞானம் பயிலும் எனக்குச் சோதனைச்சாலை கற்பித்த முதற்பாடம். மனிதரை அளக்கும்போது அப்பாடத்தை மறந்துவிடுகிறோம். பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்துவிட்டு இங்கு வந்து, முதற்பருவத் தேர்வில் பின்தங்கும் தோழர் நம்மிடையே உண்டு. அந்த மதிப்பெண்ணில் அவர் அறிவு எவ்வளவு, புதுமொழியின் பளு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தோமா? பிரித்துப் பார்க்குமுன் அவரை எடைபோடுவது முறையன்று.