போடியில் ஒரு நாள்

மூணாறுக்கு உல்லாசப் பிரயாணம் செல்வோர் போடிநாயக்கனூரில் காப்பி அருந்திவிட்டு மலையேறி விடுகிறார்கள். நேயர்கள் ஒரு நாளாவது இங்கே தங்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். 2010-ன் இறுதியில் நின்றுபோன ரயிலும் 2023 ஜூன் முதல் மறுபடி வருகிறது.

ஏலக்காய் ஏலம் போகும் ஊர் இது. சிலேடை நம்முடையதன்று, தமிழினுடையது! மலைத் தோட்டங்களில் அக்காய் செடியின் உச்சியிலன்றி அடியில், தரையையொட்டிய சரங்களில் காய்க்கிறது. விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறும் பெண்கள் பகலெல்லாம் குனிந்தே பறிக்கிறார்கள். அதைக் கண்டபின், பாயசத்திற்கு இரண்டு காய் தட்டும்போது கை சற்றுத் தயங்கும்.

குரங்கணி மலைப் பாதையும் அழகானதே. ஆயினும் 2018 மார்ச் 11-ஆம் தேதி மூண்ட காட்டுத்தீயில், அங்கே மலையேறச் சென்றவர்களில் 23 பேர் மாண்டார்கள். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே காலெடுத்து வைக்கலாகாது. கோடையில் அந்த எண்ணமே வேண்டாம்.