காற்றுக்குள் இருக்கும் தண்ணீர்

ஏரவாடாவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை புதிதல்ல. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அதே ஈரம் இரும்புக் குழாய்க்குள்ளும் புகுந்து வேலையைக் கெடுக்கும் என்பதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் மேற்பார்வை பார்த்த சிறிய பட்டறையில், ஒரு மழைக்காலத்தில் பெயிண்ட் அடித்த தகடுகளில் கொப்புளங்கள் கிளம்பின. சரக்கு திரும்பி வந்துவிட்டது. பெயிண்ட் அடிப்பவர் ஒரு மராட்டியப் பெரியவர்; எல்லோருக்கும் அவர் ‘காகா’. “தகட்டைச் சரியாகத் துடைக்கவில்லை” என்று பலர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் பதில் பேசவில்லை. காற்றுக் குழாயைக் கழற்றி, ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் பாய்ச்சிக் காட்டினார். காகிதம் நனைந்துபோயிற்று.

கணக்கு எளிதுதான். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் இருப்பது 24 கிராம். கம்ப்ரஸர் அதை 7 பார் அழுத்தத்துக்கு ஏற்றும்போது எட்டு கன மீட்டர் காற்று ஒன்றாகச் சுருங்குகிறது. எட்டு பங்கு நீராவியும், ஏறத்தாழ 190 கிராம், அதற்குள் அடங்கிவிடுகிறது. சூடான அந்தக் காற்று 40 டிகிரிக்கு ஆறினால் 51 கிராமைத்தான் தாங்கும். மீதி 140 கிராமும் தண்ணீராகிவிடும்!

1958-ல் புனேயில் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் நியூமேட்டிக் போன்ற நிறுவனங்கள் கம்ப்ரஸர் செய்யும் ஊர் இது. இருந்தும் எங்கள் பட்டறையில் டாங்க்கின் அடிவால்வைத் தினமும் திறந்து நீரை வடிக்க ஆளில்லை. முதல் பரிகாரம் அதுதான். அடுத்தது, காற்றைக் குளிரவைத்து நீரைப் பிரிக்கும் ஆப்டர் கூலர். கிளைக் குழாயைப் பிரதான குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்தால் அடியில் ஓடும் நீர் அதில் இறங்காது. ஸ்ப்ரே கன் அருகே மாட்டும் பில்டர் துளிகளைப் பிடிக்குமே தவிர, நீராவியைப் பிடிக்காது. அதற்கு, காற்றை 3 டிகிரி வரை குளிர்விக்கும் ஏர் டிரையர் வேண்டும். அதன்பின் கன மீட்டருக்கு 6 கிராம்தான் மிஞ்சும்.

இன்னும் உலர்ந்த காற்று தேவைப்படும் இடங்களில், ஈரம் உறிஞ்சும் அலுமினா மணிகள் நிரப்பிய இரட்டைக் கோபுர டிரையர் வைப்பார்கள். ஒன்று உலர்த்தும்போது மற்றது தன் ஈரத்தை வெளியேற்றும். சூடேற்றாத வகையில் இதற்கே சுமார் 15 சதவீதக் காற்று செலவாகும். எனவே எல்லோருக்கும் அது தேவையில்லை.

டிரையர் வந்தது; கொப்புளமும் நின்றது. ஆனால் கடிந்து பேசிய சொல்? அதே ஆட்களைக் கூட்டி வைத்து, காகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வால்வைத் திறக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்.

பட்டறை நடத்தும் அன்பர்களே, மழைக்காலத்தில் வேலை கெட்டால், ஆளைக் கடிவதற்கு முன் டாங்க்கின் அடிவால்வை ஒருமுறை திறந்து பாருங்கள்.