கதிரை அளக்கும் கருவி எது?

கதிரியக்கச் சரக்கை அளக்க எந்தக் கருவியும் போதும் என்று எண்ணிவிடலாகாது. 2023 ஜனவரியில், மேற்கு ஆஸ்திரேலியாவின் நியூமன் சுரங்கப் பிரதேசத்திலிருந்து பெர்த் நகருக்கு லாரியில் சென்ற ஸீஸியம்-137 சிமிழ் ஒன்று வழியில் விழுந்து மறைந்தது. அதன் உயரம் 8 மில்லிமீட்டர். தேடவேண்டிய சாலையோ 1,400 கிலோமீட்டர்! மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டியிலிருந்த நுட்பமான கருவியே, பிப்ரவரி 1-ஆம் தேதி அதைக் காட்டிக்கொடுத்தது.

தேடுவதற்கு இத்தகைய கருவி உகந்தது. ஆனால் பெட்டியருகே கடுங்கதிரை உள்ளபடி கணிக்க அயனி அறைக் கருவியே உத்தமம். சில கெய்கர் கருவிகள் கடுங்கதிரில் திணறி, குறைந்த அளவையே காட்டும். நியூட்ரான் வீசும் சரக்குக்கோ தனிக் கருவி வேண்டும். ஆகவே, முள் அசையாததைக் கண்டு அபாயமில்லை என்று நம்புமுன், கையிலிருப்பது தக்க கருவிதானா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.