பிரசவத்தில் பிரஷர் இருந்ததா?

காலை ஆறு மணிக்குச் சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்தின் ஏரிக்கரையில் நடப்பவர்களில் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் நிறையப் பேர். பேச்சு சுகரில் தொடங்கி மூட்டுவலிக்குப் போகும். "ராத்திரி தூக்கமே இல்லக்கா, திடீர்னு குப்புனு வேர்க்குது" என்பதும் காதில் விழும். பக்கவாதம் மட்டும் அந்தப் பேச்சில் வராது. அது வயதானவர்களுக்கும் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கும் வரும் நோய் என்றே நினைத்திருக்கிறோம்.

அப்படியில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய சாட்சி இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் கே.சீனிவாசன் 1983-ல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் மூளை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட 135 பெண்களைப் பற்றியது. பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க, உறையும் தன்மையை உடல் தானே கூட்டிக்கொள்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று நம் வீடுகளில் வைத்த பத்தியம் அந்த ஆபத்துக்குத் துணைபோயிற்று.

குழந்தை பிறந்ததோடு கணக்கு தீர்வதில்லை. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் இரு மடங்கு. பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. வீட்டாரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த திருப்பம் மாதவிடாய் நிற்கும்போது. ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க உதவி, குழாயை நெகிழ்வாக வைத்திருந்தது. அது குறையக் குறையக் குழாய் விறைக்கிறது. பிரஷரும் கெட்ட கொழுப்பும் ஏறுகின்றன. உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் தடுமாறுவதால்தான் அந்தத் திடீர் வியர்வை. 42 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பக்கவாத ஆபத்து இரு மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 2009-ல் காட்டியது. இதற்காக ஹார்மோன் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. வயது முதிர்ந்த பெண்களிடம் அது பக்கவாதத்தைக் கூட்டியதை 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய சோதனை ஒன்று வெளிப்படுத்தியது.

பிரஷர் ஏறினால் மூளைக்கு என்ன ஆகிறது? மூளையின் ஆழத்துக்குப் போகும் தமனிகள் நூலிழை போன்றவை. பெரிய குழாயிலிருந்து நேரே கிளைப்பதால், அழுத்தம் தணியாமலே அவற்றில் போய் மோதுகிறது. ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய சுவர் தடித்து அடைபடும், இல்லையேல் வெடிக்கும். அதுவரை வலி என்று ஒன்றும் தெரியாது.

உலகப் பக்கவாத அமைப்பின் தலைவராகப் பொறுப்பேற்ற நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன், லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து இந்த நோயோடு போராடிவருபவர். ஒருமுறை பக்கவாதம் வந்த 4,298 பேரைக் கொண்டு அவருடைய குழு நடத்திய இந்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. குறுஞ்செய்தி, காணொளி, கையேடு எல்லாம் அவரவர் மொழியில் போய்ச் சேர்ந்தன. மாத்திரையை ஒழுங்காகப் போடும் பழக்கம் மேம்பட்டது. ஆனால் ஓராண்டுக்குள் மறுபடி வரும் பக்கவாதமும் மாரடைப்பும் குறையவில்லை. இதிலிருந்து நான் படிக்கும் பாடம், முதல் அடி விழுவதற்கு முன்பே தடுப்பு தொடங்கிவிட வேண்டும் என்பதே.

அதற்கு வழி எட்டாத தூரத்தில் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. பிரஷர் பார்ப்பதையும் முறையாகச் செய்ய வேண்டும். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். 140/90-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு; ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும் அதில் சேர்த்தி. உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் இரண்டு விஷயங்களை நீங்களே சொல்லுங்கள்: பிரசவத்தில் பிரஷர் இருந்ததா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது. உங்கள் மூளையைக் காக்க அவருக்கு அந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும்.