பாட்டி பிஸ்கட்டில் அமோனியா

இத்தாலிய பிஸ்கட் செய்முறையில் ‘அமோனியா’ என்று இருக்கிறதே, அச்சுப்பிழையா என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். பிழையே இல்லை. சிசிலியில் காலையில் பாலில் தோய்த்துத் தின்கிற நீள பிஸ்கட்டுக்கு உயிரே அதுதான்.

1880க்கும் 1924க்கும் இடையில் ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களோடு போன பாட்டிகளின் குறிப்பேட்டில் இந்தச் சொல்லைப் பார்க்கிற பேரப்பிள்ளைகளுக்குத் தரை துடைக்கும் அமோனியா நீர்தான் நினைவுக்கு வரும். அது விஷம், ஆகவே பேக்கிங் பவுடரைப் போடுவார்கள். பிஸ்கட் வரும், பாட்டியின் மொறுமொறுப்பு வராது.

பாட்டி எழுதியது அமோனியம் பைகார்பனேட் என்ற வெள்ளை உப்பை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மான்கொம்பைச் சூடேற்றி வடித்து இந்த வகை உப்பை எடுத்தார்கள். சமையல் சோடா வெந்தபின் மாவில் ஒரு கார உப்பை விட்டுவைக்கும். கூடிப்போனால் சோப்பு ருசி தட்டும். இதுவோ 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அமோனியா, கரியமில வாயு, நீராவி என்று பிரிந்து மிச்சமில்லாமல் போய்விடும். எங்கள் மாடியில் குடியிருந்தவர் காலிசெய்த அன்று, சுவரில் தான் அடித்த ஆணியைக்கூடப் பிடுங்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார், அந்த மாதிரி. வாயு போன வழியெல்லாம் துளை. அதன் வழியே ஈரமும் போய் பிஸ்கட் நொறுங்கப் பொரிகிறது.

ஆனால் அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஈரம் நிற்கிற தடித்த கேக்கில் போட்டால் உள்ளேயே தங்கி நாறும். நன்றாகக் காய்கிற பண்டத்துக்கு மட்டுமே ஆகும். நம் கடை பிஸ்கட் உறைகள் பலவற்றில் பொடி எழுத்தில் 503 என்று இருப்பதும் இதே உப்புதான்.

பிஸ்கட் சிவக்கும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள் இந்த உப்பால் கூடுகிறது என்று, 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் உப்பைக் குறைக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டியது. டன் கணக்கில் சுடுகிற ஆலைக்கு அது நியாயம். பண்டிகைக்கு ஒரு தட்டு சுடுகிற வீடு, கருகவிடாமல் பொன்னிறத்தில் இறக்கினால் போதும் என்பது என் கட்சி. எனக்கு ஆதங்கமெல்லாம் வேறு. எத்தனை கரண்டி என்று எழுதிக்கொள்கிற நாம், பாட்டி எந்தக் கடையில், என்ன சொல்லிக் கேட்டு வாங்கினாள் என்பதை அவள் இருக்கும்போதே கேட்டுவைப்பதில்லை.

செய்து பார்க்கிறவர்கள் உணவுக்கென்று விற்கும் பொடியையே வாங்கிப் பாலில் கரையுங்கள். பச்சை மாவை ருசி பார்க்க வேண்டாம். ஓவனைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், கண் எரியும். ஆறியபின் வாடை இருக்காது. மீந்ததை இறுக மூடி வையுங்கள், இல்லையென்றால் டப்பாவிலேயே ஆவியாகிவிடும்.